தோட்கோப்பு

வழியில் உண்பதற்கென்று கட்டி எடுத்துச் செல்லும் உணவுக்குத் தமிழில்தான் எத்தனை பெயர்கள்! கட்டுச்சோறு, கட்டமுது, பொதிசோறு, ஆற்றுணா. ஆறு என்றால் வழி. ஆற்றுணா என்றால் வழியில் உண்ணும் உணவு. கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடே, ஆகவே அவனுக்கு ஆற்றுணா தேவையில்லை என்று பழமொழி நானூறு பேசும். இந்தச் சொற்களுள் எங்களுக்கு மிகவும் உவப்பானது நாலடியாரில் வரும் தோட்கோப்பு. தோளில் சுமந்து செல்லும் வழியுணவு என்பது பொருள். கூற்றுவன் வருமுன் அறத்தைச் சேர்த்துக்கொள் என்று சொல்ல வந்த சமண முனிவர், அந்த அறத்தையே தோட்கோப்பு என்கிறார். மறுமைக்கான மூட்டை முடிச்சு!

உரையாசிரியர்கள் இந்த இடத்தில் ‘கட்டுச்சோறு’ என்று பொருள் எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. எங்களுக்கோ அது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. காரணம், ஆண்டுக்கு ஒருமுறை நாங்களும் அப்படியொரு மூட்டையைத் தோளில் ஏற்றுகிறோம்.

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் இருக்கிறது திமிரி. இங்கும் சுற்றுப்புறத்திலும் வசிக்கும் நாங்கள் ஐந்து பேர், ஆண்டுதோறும் தைப் பொங்கல் கழிந்ததும் ஆரணி, போளூர் வழியாகச் சென்று, வனத்துறையின் அனுமதியுடன் ஜவ்வாது மலையில் மூன்று நாள் நடப்பது வழக்கம். தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் நீர் அப்போதும் சுனைகளில் நிற்கும். காட்டுத்தீக் காலம் இன்னும் தொடங்கியிராது.

எங்கள் கையில் வில்லும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்த மண்ணில் வேட்டையின் காலம் முடியத் தொடங்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் மிச்சத்தையும் முடித்துவைத்தது. அது முடிந்ததில் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆனால், காட்டுக்கு எதை எடுத்துச் செல்வது என்ற கல்வியில் வேடனைவிடச் சிறந்த ஆசான் கிடையாது. சுற்றுலா செல்பவன் பசித்தால் கடை தேடுவான். யாத்திரை செல்பவனுக்கு அன்னசத்திரம் உண்டு. வேடன் ஒருவனுக்குத்தான் தோளில் இருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

‘ஏன் இல்லை? அவன்தான் வேட்டையாடப் போகிறானே, அடித்ததைச் சுட்டுத் தின்னலாமே!’ என்று கேட்கத் தோன்றும். பெரிய புராணத்தில் சேக்கிழார் காட்டும் திண்ணனாரின் வேட்டை ஏறக்குறைய அப்படித்தான். ஓடிய பன்றியைத் துரத்திக் கொன்றபின், நாணனும் காடனும் பசியும் களைப்பும் மேலிட, அதைக் காய்ச்சித் தின்று நீர் குடிக்கலாம் என்கிறார்கள். பன்றியைத் தூக்கிக்கொண்டு பொன்முகலி ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். காடன் தீக்கடைய, திண்ணனார் காளத்தி மலையேறுகிறார். பின்னால் நடந்தது உலகறிந்த கதை. எங்கள் கண்ணில் படுவது வேறொரு செய்தி. பன்றி வீழ்வதற்கு முன்பே அந்த மூவரும் பசித்துக் களைத்திருந்தார்கள். பன்றி தப்பியிருந்தால்?

இதே கேள்வியை ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலையூரில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் மலையாளி இனத்தவர். பெயரைக் கண்டு கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தம் முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மலைமக்கள் இவர்கள். பெரியவர் தம் தகப்பனார் காலத்துக் கதையைச் சொன்னார்.

“வேட்டைக்குப் போறவன் வேட்டைய நம்பிப் போவானா வாத்தியாரே? பத்து தபா போனா ரெண்டு தபா கெடைக்கும். மடியில களி இருக்கணும். கறி கெடச்சா அது ஊருக்கு. களிதான் நமக்கு.”

இந்த ஒரு விடையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வேட்டை பெரும்பாலும் தோற்கும். இரண்டாவது, கிடைத்தாலும் அது போனவனுக்கு மட்டும் உரியதன்று. ஊருக்குப் பங்கு வைப்பது. ஆகவே கறியைத் தேடிப் போகிறவனின் மூட்டையில் தானியம்தான் இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் ராக்கி மலைகளில் இன்றும் உரிமம் பெற்று, வாரக்கணக்கில் முதுகுச்சுமையோடு வேட்டைக்குப் போகிறவர்கள் இதே விடைக்கு வேறு வழியாக வந்து சேர்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில், வீழ்த்திய விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். எல்க் எனும் பெருமானின் இறைச்சி நூறு கிலோவைக்கூட எட்டலாம். திரும்பும்போது அத்தனையும் தோளில் ஏற வேண்டும் என்பதால், போகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றே: இந்த ஒரு கிராம் எத்தனை கலோரி தரும்?

அந்தக் கணக்கு எளியது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, தண்ணீர் சுழியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர் மளிகைக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். ஒவ்வொரு மூட்டையும் வேறொரு முகம் காட்டும்.

வெந்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். நூறு கிராமுக்கு 130 கலோரிதான். அதில் நல்லெண்ணெயும் வேர்க்கடலையும் சேர்த்துப் புளிச்சோறு ஆக்கினால் மதிப்பு உயர்கிறது. அதோடு புளியின் அமிலமும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து கெடாமல் காக்கின்றன. நம் முன்னோர் கட்டுச்சோற்றுக்குப் புளியைத் தேர்ந்தது சுவைக்காக மட்டுமன்று. ஆனாலும் அது ஒரு நாள் உணவு. குளிர்காலமாயின் மறுநாள் காலைவரை. மூன்று நாளுக்குப் புளிச்சோறு கட்டுகிறவன் மலைமேல் தண்ணீரைச் சுமக்கிறான். மூன்றாம் நாள் நஞ்சைச் சுமக்கிறான்.

பொரி நம்மை ஏமாற்றும். எடையில்லாததுபோல் இருக்கும், ஆனால் பையை அடைத்துக்கொண்டு, ஒரு வேளைப் பசிக்கும் பற்றாது. அவல் அப்படியன்று. அதே நெல்தான், ஆனால் தட்டையாகி அடங்கி உட்கார்ந்துகொள்ளும். நூறு கிராமுக்கு 350 கலோரி. அடுப்பு வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் போதும். வெல்லம் 380. எள்ளுருண்டை 500ஐ ஒட்டி. கொப்பரை 660.

இனி வேர்க்கடலை. எங்கள் பக்கத்து வழக்கில் மல்லாட்டை. நூறு கிராமுக்கு 560க்குமேல். மலிவு, எங்கும் கிடைக்கும், வறுத்தால் வாரக்கணக்கில் இருக்கும். பழைய வடஆற்காடு மாவட்டத்தின் மானாவாரிக் காடுகளில் பாதி இதுதானோ என்று தோன்றும் அளவுக்கு விளைவது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர் என்பதால் சங்ககாலத்து வேடனுக்கு இது கிடைத்திராது. அவனுக்கு எள் இருந்தது. இருவரையும் நிறுத்தி வைத்தால் நாங்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள் வைப்பது வறுத்து இடித்த மாவை. தினையோ கேழ்வரகோ, மணம் வரும்வரை வறுத்து மாவாக்கிவிட்டால் அதன்பின் அடுப்பின் உதவி தேவையில்லை. உலகின் மலைநாடுகள் பலவும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்திருக்கின்றன. திபெத்தியர் வாற்கோதுமையை வறுத்து அரைத்த மாவைத் சாம்பா என்பர். வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்பர். மெக்சிகோவின் ராராமுரி மக்கள் வறுத்த சோளமாவைப் பினோலே என்று கட்டிக்கொண்டு மலைகளில் நெடுந்தொலைவு ஓடுவர். நம்மிடம் இருப்பது தேனும் தினைமாவும்.

திருவலத்துக்கு வடக்கே இருக்கிறது வள்ளிமலை. வேடர்குலத் தலைவன் நம்பிராசன் வளர்த்த வள்ளி தினைப்புனம் காத்த இடம் இதுவென்பது எங்கள் பகுதியின் நம்பிக்கை. முருகன் கிழவனாய் வந்து பசிக்கிறது என்கிறான். வள்ளி தேன் கலந்த தினைமாவைக் கொடுக்கிறாள். உண்டவனுக்கு விக்கல் எடுக்கிறது. தாகம், தண்ணீர் வேண்டும் என்கிறான். சுனையோ மலைகளுக்கு அப்பால் இருக்கிறது. பக்தர்கள் இதைத் திருவிளையாடல் என்பார்கள். மலையில் நடந்தவர்களுக்கு இது அனுபவம். உலர்ந்த மாவு எடையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் மிச்சமான எடையைத் தண்ணீராகத் திருப்பிக் கேட்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே உணவைத் தேர்வதற்கு முன் சுனைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழியில் நீர் உண்டென்றால் மாவு. இல்லையென்றால் முதல் நாளுக்குப் புளிச்சோறே நல்லது. அதில் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது.

இறைச்சியைப் பற்றிப் பேசாமல் வேட்டையுணவு நிறைவுறாது. பச்சை இறைச்சி அன்றைக்கே கெடும். அதிலுள்ள நீரை வாங்கிவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். நீரை வாங்குவதற்கு மனிதன் அறிந்த பழைய கருவிகள் உப்பும் வெயிலும். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் காட்டெருமை இறைச்சியை உலர்த்திப் பொடித்து, உருக்கிய கொழுப்பையும் சில வேளை காட்டுப் பழங்களையும் சேர்த்துப் பெமிக்கன் என்ற கட்டியைச் செய்தார்கள். கம்பளிமயிர் வணிகம் முழுவதும் அதை நம்பியே நடந்தது. 1814இல் செவ்வாற்றுக் குடியேற்றத்திலிருந்து பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று ஆணை பிறந்து, அது பெரும் பூசலில் முடிந்தது. பிற்காலத்தில் தென்துருவம் தேடிப் போனவர்களும் அதையே சுமந்தார்கள். கொழுப்பை ஏன் சேர்த்தார்கள்? கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் நாள்தோறும் தின்றால், வயிறு நிரம்பியும் உடல் நலிந்து சாகும். முயலை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு நேர்ந்ததால் அதை ‘முயல் பட்டினி’ என்று வடபுலத்து வேடர்கள் சொன்னார்கள். திண்ணனார் பின்னாளில் காளத்தியப்பருக்கு இறைச்சியோடு தேனையும் கலந்து படைத்தார் என்று சேக்கிழார் சொல்வதை இந்த அறிவோடு சேர்த்துப் படித்தால் அந்தக் கலவையின் பொருத்தம் விளங்கும்.

நம் வழக்கில் இது உப்புக்கண்டம். பத்துப்பாட்டின் வழக்கில் வாடூன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு வருகிறது. அங்குள்ள பெண்கள் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி, நிலவுரலில் குற்றி, உவர்நீரில் உலையேற்றிச் சமைத்து, வாடூனோடு விருந்தினருக்குத் தருவார்கள். தொண்டை மண்டலம் என்றால் வேறெங்கோ அன்று. இதே பாலாற்றுப் படுகைதான்.

இந்தப் பகுதியை எங்கள் வகுப்பில் நடத்தியபோது நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். வாடூன் என்றால் என்ன என்று கேட்டோம். வகுப்பு அமைதியாக இருந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இருந்த வகுப்பு அது. தோல் மண்டியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் பெற்றோர் வேலை செய்யும் குடும்பங்கள். உரித்த தோல் அழுகாதிருக்க உப்பிட்டு அடுக்குவதைக் கண்டு வளர்ந்தவர்கள். தோலுக்கு உப்பு செய்வதும் இறைச்சிக்கு உப்பு செய்வதும் ஒன்றேதான்: நீரை வெளியேற்றி, அழுகலைத் தடுத்து நிறுத்துவது. கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து மொட்டைமாடியில் காயவிடும் காட்சி அவர்களுக்குப் புதிதன்று. தெரிந்தும் பேசவில்லை. தெரிந்ததனாலேயே பேசவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. எந்த விலங்கின் இறைச்சி என்ற அடுத்த கேள்வி வரும். அதற்கு விடை சொன்னால் பக்கத்தில் இருப்பவன் முகம் எப்படி மாறும் என்று அறிந்த மௌனம் அது.

கடைசிப் பலகையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். “எங்க வீட்டு மாடியில காயுறது தானேங்க ஐயா?” என்றார்.

“அதேதான் அம்மா. எப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள்” என்றோம்.

அவர் சொன்னார். எத்தனை விரல் அகலத்துக்கு அரிவது, பனி இறங்குவதற்குள் ஏன் உள்ளே எடுத்துவிட வேண்டும், எத்தனை வெயில் பட்டால் தட்டும்போது ஓசை மாறும் என்றெல்லாம் சொன்னார். பத்துப்பாட்டின் உரைகளில் இல்லாத விளக்கம் அது. பிறகு இன்னும் நான்கு பேர் எழுந்து, தங்கள் வீட்டு முறை வேறு என்று வாதிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் மேடையில் பெருமை பேசும் சொல்லின் பொருளைக் கைவினையாக வைத்திருக்கும் வீடுகள், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. வாடூன் என்றால் இலக்கியம், உப்புக்கண்டம் என்றால் இழிவு என்று நினைப்பவர்களுக்குச் செவ்வியல் எதற்கு?

அன்றுமுதல் எங்கள் மூட்டையில் உப்புக்கண்டத்துக்கும் இடம் உண்டு. ஐவரில் இருவர் மரக்கறி உண்பவர்கள். அவர்கள் பங்குக்குப் பொட்டுக்கடலை. காட்டில் தீ மூட்ட முடியாதென்பதால் கண்டத்தை வீட்டிலேயே எண்ணெயில் வறுத்துத் தட்டி, நாராக உதிர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

தீ மூட்டாமை எங்கள் முதல் விதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. உலர்புல் நிற்கும் சரிவில் ஒரு தீக்குச்சி போதும். சமைக்க வேண்டிய உணவு எதுவும் மூட்டையில் இல்லையென்றால், தீ மூட்டும் ஆசையும் எழாது. வேடனுக்கும் இந்த விதி பழையதுதான். புகையும் மணமும் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏலகிரி மலைச் சிறுத்தையைப் பற்றியும் எழுதிய கென்னத் ஆண்டர்சனின் நூல்களைப் படித்தவர்கள், பரணில் இரவு முழுதும் அசையாது காத்திருக்கும் அவருக்குக் குடுவைத் தேநீர் எத்தனை பெரிய துணை என்பதை அறிவார்கள். முன்பே ஆக்கியதாகவும், ஓசையில்லாமல் உண்ணக்கூடியதாகவும் அவனது உணவு அமைய வேண்டும். ஜவ்வாதில் கரடிகள் உண்டு. அவற்றின் மூக்கு நம் மூட்டையிலுள்ள வெல்லத்தை நம்மைவிட நன்றாக அறியும். அதனால் இறுக மூடும் டப்பாக்கள். தின்ற தாள், தோல், உமி எல்லாம் திரும்பவும் பைக்குள்.

எங்கள் பட்டியலைக் கேட்கிற நண்பர்களுக்காக: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வறுத்த மாவு 150 கிராம், அவல் 150, மல்லாட்டை 100, வெல்லம் 100, எள்ளுருண்டை 100, கொப்பரை 50, உப்புக்கண்டம் அல்லது பொட்டுக்கடலை 50. மொத்தம் 700 கிராம். ஏறத்தாழ 3000 கலோரி. இதே ஆற்றலை வெறுஞ்சோறாகச் சுமந்தால் இரண்டே கால் கிலோவைத் தாண்டும். உடன் உப்பு, ஊறுகாய், இரண்டு எலுமிச்சை. மூன்றாம் நாள் நாக்கு செத்துப்போகும்போது எலுமிச்சையின் அருமை தெரியும். முதல் நாள் பகலுக்கு மட்டும் வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. அது கணக்கில் சேராது, அது கொண்டாட்டம்.

பட்டியலைவிட முக்கியமானது இன்னொன்று உண்டு. நால்வருக்குத் தெரிந்த கணக்கு ஐந்தாமவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் சுமக்க மற்றவர் வெறுங்கையோடு நடக்கும் பயணம் எங்களுடையதன்று. துரைமார் காலத்து வேட்டைகளின் புகைப்படங்களில் புலியும் துப்பாக்கியும் முன்னால் இருக்கும். சாப்பாட்டுக் கூடையைச் சுமந்தவர்கள் ஓரத்தில், பெயரின்றி நிற்பார்கள். தன் தோளில் ஏறாத சோற்றின் எடை எவருக்கும் தெரிவதில்லை.

இரவில் நாங்கள் காட்டில் படுப்பதில்லை, மலையூர்களில் தங்குகிறோம். ஜவ்வாதின் தென்புறத்துச் செங்கம்தான் பத்துப்பாட்டில் வரும் செங்கண்மா, நன்னனின் ஊர். அவனைக் காணப் போகும் கூத்தருக்கு வழிசொல்லும் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு பெரும்பகுதி, எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்ற குறிப்புத்தான். தினைச்சோறு, முள்ளம்பன்றியின் ஊன், மூங்கிலரிசியோடு அவரை சேர்ந்த புளிங்கூழ் என்று போகும். அந்தக் கூத்தரின் தோளில் யாழும் முழவும் இருந்தன; உணவுக்கு வழியிலுள்ள மனிதர்களை நம்பினார்கள். ஜவ்வாதில் இன்றும் ஒரு வீட்டு வாசலில் நின்றால் சாமைச்சோறும் ஏதேனும் ஒரு குழம்பும் கேட்காமலே வரும். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபின் நகரத்துக் கடைகளில் சாமைக்கு வந்த மவுசும் விலையும் தனிக்கதை. விளைவிக்கும் வீட்டிலோ அதைக் கணக்குப் பார்க்காமல் விருந்தினருக்கு வடிக்கிறார்கள்.

அதனால் மூட்டையில் எப்போதும் ஒரு நாள் உணவைக் கூடுதலாக வைத்திருப்போம். வழி தவறினாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ, ஒருவர் கால் பிசகினாலோ அது உயிர் காக்கும். இதுவரை ஒருமுறைதான் அதைப் பிரிக்க நேர்ந்தது. மற்ற ஆண்டுகளில் இறங்குமுன், கடைசியாகத் தங்கிய வீட்டில் அதைக் கொடுத்துவிடுவோம். மல்லாட்டையையும் எள்ளுருண்டையையும் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரியவர் சொன்ன கணக்குப்படி கறி ஊருக்கு, களி நமக்கு. எங்களிடம் கறியில்லை. மிஞ்சிய கட்டுச்சோறாவது ஊருக்குப் போகட்டும்.